உறவுப் பெயர்களும் அமைப்பியலும்

கோலார் தங்கவயலுக்கு அருகே, பாலாற்றின் கரையில், பேத்தமங்களா என்னும் ஊர் உள்ளது. பாண மன்னன் விசயாதித்தன் பெயரால் முற்காலத்தில் விசயாதித்தமங்கலம் என்று வழங்கிய பழம்பதி அது. பாலாற்றை மறித்து அமைந்த அதன் பேரேரி பல அரசுகள் எழுவதையும் வீழ்வதையும் கண்டது. 20-ஆம் நூற்றாண்டில் தங்கச் சுரங்கத் தொழிலாளரின் குடியிருப்புகளுக்குக் குடிநீர் ஊட்டியதும் அதுவே. கோலார் மாவட்டத்தின் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் பல, 1905-ஆம் ஆண்டு ரைஸ் என்பவர் வெளியிட்ட தொகுதியில் இடம்பெற்றுள்ளன. 1880-க்குப் பின் ஜான் டெய்லர் நிறுவனத்தார் சுரங்கத் தொழிலை நிலைபெறச் செய்தபோது, வடார்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ் மக்கள் ஆயிரக்கணக்கில் வந்து குடியேறினர். ஆந்திர எல்லையும் தமிழக எல்லையும் அண்மையிலேயே உள்ளன. ஆதலின் அவ்வட்டாரத்துச் சந்தையில் கன்னடமும் தெலுங்கும் தமிழும் ஒருங்கே ஒலிப்பது இயல்பு.

இத்தகைய மும்மொழி நிலத்தில் வாழ்வோர்க்கு எளிதில் புலப்படும் உண்மை ஒன்று உண்டு. தாயுடன் பிறந்த ஆணைத் தமிழர் மாமன் என்பர். கன்னடர் மாவ என்பர். தெலுங்கர் மாம என்பர். தந்தையுடன் பிறந்த பெண்ணை முறையே அத்தை, அத்தெ, அத்த என்பர். ஒலி ஒத்திருப்பது ஒருபுறம் இருக்கட்டும். ஒலி முற்றும் வேறுபட்ட இடத்திலும் ஓர் ஒற்றுமை நிலவுகின்றது. தந்தையின் தம்பி தமிழில் சித்தப்பா; கன்னடத்தில் சிக்கப்ப; தெலுங்கில் பாபாய். இச்சொல்லே தாயின் தங்கையை மணந்தவரையும் குறிக்கின்றது. மூன்று மொழிகளிலும் அப்படியே. சொற்கள் வேறு, ஆனால் அச்சொற்கள் உறவினரைப் பகுத்து நிறுத்தும் முறை ஒன்று. சொல் மாறியும் மாறாது நிற்கும் இந்த முறை யாது? இவ்வினாவே அமைப்பியல் என்னும் சிந்தனைநெறியின் வாயில்.

வடபுலத்தில் வாழும் தமிழர் இதனை மேலும் தெளிவாக உணரலாம். இந்தி மொழியில் தந்தையின் தம்பி சாசா, தாயின் உடன்பிறந்தவர் மாமா, தந்தையின் உடன்பிறந்தாளை மணந்தவர் பூபா, தாயின் உடன்பிறந்தாளை மணந்தவர் மௌசா, மாமனாரோ சசுர். உறவுதோறும் ஒரு சொல் உண்டு. ஆயினும் இவர்களுடைய மக்கள் அனைவரும் பாய், பகன், அதாவது அண்ணன் தம்பி, அக்காள் தங்கை என்றே அழைக்கப்படுகின்றனர். தமிழ் முறை இதற்கு நேர்மாறானது. சித்தப்பா, பெரியப்பா என்போர் ஒரு பக்கம். மாமா என்போர் மறுபக்கம். தாயின் உடன்பிறந்தவரும், அத்தையை மணந்தவரும், மனைவியின் தந்தையும் மாமா என்னும் ஒரே வரிசையில் நிற்கின்றனர். அதற்கேற்பச் சித்தப்பா மக்களும் சித்தி மக்களும் உடன்பிறந்தார் ஆகின்றனர். அத்தை மக்களும் மாமன் மக்களும் மைத்துனர், மச்சான், முறைப்பெண் ஆகின்றனர். உற்றார் உலகம் முழுவதும் பங்காளி என்றும் மாமன் மச்சான் என்றும் இருகூறாகப் பிரிந்து நிற்கின்றது. வட்டாரத்துக்கும் குலத்துக்கும் ஏற்பச் சொற்கள் சிறிது மாறினும் இப்பிரிவு மாறுவதில்லை.

இவ்வொழுங்கை உலக அறிஞர் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்க வழக்கறிஞரான லூயி ஹென்றி மார்கன் ஆவார். செனெகா என்னும் அமெரிக்கப் பழங்குடியினரின் உறவுப் பெயர்களை ஆராய்ந்துகொண்டிருந்த அவர், ஆர்க்காட்டு மிஷனைச் சேர்ந்த ஸ்கட்டர் பாதிரியாரின் வாயிலாகத் தமிழ் உறவுப் பெயர்களை அறிந்து வியப்புற்றார். இரண்டிலும் தந்தையின் சகோதரன் தந்தையாகவே கொள்ளப்படுவதையும், தாயின் சகோதரன் தனியே நிறுத்தப்படுவதையும் கண்டு, அமெரிக்கப் பழங்குடியினர் ஆசியாவிலிருந்தே வந்தனர் என்பதற்கு இது சான்றாகும் எனக் கருதினார். 1871-இல் வெளிவந்த அவரது பெருநூலில் தமிழ் உறவுமுறை நீண்ட பட்டியலாக இடம்பெற்றது. எனினும், இவ்வொற்றுமையை அவர் தொன்மைக் கால மணமுறை ஒன்றன் எச்சமாகவே விளக்கினார். பழையது எஞ்சி நிற்கின்றது என்பதே அவர் விடை. இன்றைய மக்கள் அதனை ஏன் இன்றும் கையாளுகின்றனர் என்னும் வினாவுக்கு அதில் விடை இல்லை.

அவ்வினாவுக்கு விடை காணும் வழி வேறொரு துறையிலிருந்து வந்தது. ஜெனீவா நகரில் 1857-இல் பிறந்த பெர்டினாண்ட் டி சொசூர் வடமொழி வல்லுநர். வடமொழி வேற்றுமை பற்றிய ஆராய்ச்சிக்கே டாக்டர் பட்டம் பெற்றவர். 1907 முதல் 1911 வரை அவர் நிகழ்த்திய மொழிநூல் விரிவுரைகளை, 1913-இல் அவர் மறைந்த பின்னர், உடன் பணியாற்றிய அறிஞர் இருவர் மாணவர்களின் குறிப்புகளைக் கொண்டு தொகுத்து 1916-இல் நூலாக்கினர். அமைப்பியலின் அடிப்படைக் கொள்கைகள் அந்நூலிலிருந்தே தோன்றின. அவற்றை நம் வீட்டு வழக்கைக் கொண்டே விளக்கலாம்.

முதற் கொள்கை: ஒரு பொருளின் மதிப்பு அப்பொருளில் இல்லை, பிற பொருள்களோடு அது கொண்டுள்ள வேறுபாட்டில் உள்ளது. ஆடுபுலி ஆட்டத்தை எண்ணுக. புலிக்குக் கூழாங்கல்லும் ஆட்டுக்குப் புளியங்கொட்டையும் வைப்பர். கல் ஒன்று தொலைந்தால் ஓட்டுச்சில்லை வைத்தும் ஆடலாம், ஆட்டம் மாறாது. புலியைப் புலியாக்குவது கல் அன்று. ஆட்டிலிருந்து அது வேறுபட்டு நகரும் விதியே. ஆனால் ஆடும் தாவலாம் என்று விதியை மாற்றினால், காய்கள் அனைத்தும் பழையனவாகவே இருப்பினும் ஆட்டம் வேறாகிவிடும்.

இரண்டாவது: சொல்லுக்கும் பொருளுக்கும் இயற்கைத் தொடர்பு இல்லை. தண்ணீரைக் கன்னடர் நீரு என்பதும் இந்தியர் பலர் பானி என்பதும் வழக்கினால் அமைந்தவையே. மூன்றாவது: தனி மனிதர் பேசும் பேச்சு வேறு, அப்பேச்சுக்கெல்லாம் அடிநிலையான மொழியமைப்பு வேறு. பேச்சு நாள்தோறும் மாறும். அமைப்பு சமுதாயம் முழுமைக்கும் பொது. நான்காவது: ஒன்று எவ்வாறு தோன்றி வளர்ந்தது என்று ஆராய்வது ஒரு முறை, ஒரு காலத்தில் அதன் உறுப்புகள் ஒன்றையொன்று எவ்வாறு தாங்கி நிற்கின்றன என்று ஆராய்வது மற்றொரு முறை. இரண்டையும் கலத்தலாகாது என்பது சொசூரின் கருத்து. ஐந்தாவதாக, இவ்விதிகளைப் பின்பற்றுவோர் அவற்றை அறிந்து பின்பற்றுவதில்லை. இலக்கணம் கல்லாத குழந்தை பிழையின்றிப் பேசுவது போல, மாந்தர் தம் பண்பாட்டின் விதிகளையும் அறியாமலே ஆள்கின்றனர்.

இக்கொள்கைகளுக்கு பேத்தமங்களா என்னும் பெயரே நல்ல எடுத்துக்காட்டு. அதன் முதலெழுத்தைக் கன்னடர் மெலிந்து அதிர்ந்து ஒலிப்பர். கன்னட எழுத்தில் அவ்வொலிக்கும் வல்லொலிப் பகரத்துக்கும் தனித்தனி வடிவம் உண்டு. ஏனெனில் அம்மொழியில் அவ்வேறுபாடு பொருளை மாற்றும்: பட்டெ என்பதை வன்மையாக ஒலித்தால் கோடு அல்லது வரி, அதிர்ந்து ஒலித்தால் துணி. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒரே எழுத்தாகிவிடுகின்றன. இது தமிழெழுத்தின் குறையா? அன்று. பல் என்பதிலும் தம்பி என்பதிலும் பகரம் வேறு வேறாக ஒலித்தாலும், அவ்வொலி வேறுபாடு தமிழ்ச் சொல்லில் அது நிற்கும் இடத்தால் தானே அமைகின்றது. ஆதலின் நம் முன்னோர் ஓரெழுத்தே போதும் என்று கண்டனர். மறுபுறம், விலை, விளை, விழை என்னும் மூன்றையும் வேறுபடுத்த நமக்கு மூன்று லகர வகைகள் வேண்டியுள்ளன. எந்த ஒலி எப்படி ஒலிக்கின்றது என்பதினும், எந்த வேறுபாடு பொருளைத் தாங்குகின்றது என்பதே தலையாயது. பிராகு நகரில் 1926-இல் தோன்றிய மொழியியல் வட்டத்தைச் சேர்ந்த துருபெத்சுகோய் இக்கருத்தை நிலைநாட்டி எழுதிய நூல் 1939-இல் வெளிவந்தது. அதில் தமிழ் வல்லெழுத்துகளின் இவ்வியல்பும் எடுத்துக்காட்டாக ஆளப்பட்டுள்ளது.

இவ்வட்டத்தின் மற்றோர் அறிஞர் ரோமன் யாக்கப்சன். இரண்டாம் உலகப் போரின்போது நியூயார்க் நகரில் தஞ்சம் புகுந்த அவரை, அங்கேயே தஞ்சம் புகுந்திருந்த பிரெஞ்சு மானிடவியல் அறிஞர் கிளாட் லெவி-ஸ்ட்ராஸ் சந்தித்தார். ஒலிகளை ஆராயும் முறையால் உறவுமுறையையும் ஆராயலாகாதா என்னும் எண்ணம் அவ்வுறவிலிருந்து வலுப்பெற்றது. உறவுமுறையின் அடிப்படை அமைப்புகள் பற்றிய அவரது நூல் 1949-இல் வெளிவந்தது. உறவு என்பது குருதியால் மட்டும் அமைவதன்று. ஒரு குடும்பம் தன் பெண்ணை மற்றொரு குடும்பத்துக்குக் கொடுத்தும் கொண்டும் வாழும் பரிமாற்றத்தாலேயே சமுதாயம் அமைகின்றது என்பது அந்நூலின் மையக் கருத்து. அத்தை மகளையும் மாமன் மகளையும் மணக்கும் முறை, அவர் பார்வையில், பழமையின் எச்சம் அன்று. குடும்பங்களைப் பிணைத்து வைக்கும் ஏற்பாடு.

இக்கருத்தைத் தமிழ்நாட்டு மண்ணிலேயே சோதித்துப் பார்த்தவர் லூயி துமோன். 1911-இல் பிறந்த இப்பிரெஞ்சு அறிஞர், போரின்போது ஜெர்மனியில் கைதியாக இருந்த காலத்திலேயே வடமொழி கற்கத் தொடங்கியவர். போர் முடிந்த பின் தமிழ்நாட்டுக்கு வந்து, மதுரைக்கு மேற்கே வாழும் பிரமலைக் கள்ளரிடையே தங்கி ஆராய்ந்தார். அதன் பயனாக எழுந்த அவரது பெருநூல் 1957-இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்தது. ஆங்கிலத்தில் 1986-இல்தான் கிடைத்தது. திராவிட உறவுப் பெயர்கள் மண உறவின் வெளிப்பாடே என்று காட்டும் கட்டுரையை 1953-லேயே அவர் வெளியிட்டிருந்தார்.

துமோன் கூறியதன் சாரம் இது. மாமன் என்னும் சொல்லைத் தாயின் சகோதரன் என்று பெயர்த்தால் பாதியே விளங்கும். மாமன் என்பவர் தந்தைக்கு மைத்துனர். தந்தை பெண் கொண்ட வீட்டினர். தந்தை தலைமுறையில் அமைந்த அந்தக் கொண்டான் கொடுத்தான் உறவு, மகன் தலைமுறைக்கும் உரிமையாக இறங்குகின்றது. நிலமும் வீடும் தந்தையிடமிருந்து மகனுக்கு வருவது போலவே, சம்பந்தி உறவும் வருகின்றது. இவ்வாறு நோக்கினால் நம் வீட்டுச் சடங்குகள் பல விளக்கம் பெறுகின்றன. குழந்தைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில் அமர்த்துவது ஏன்? பூப்பு நீராட்டிலும் திருமணத்திலும் தாய்மாமன் சீர் வந்தாலன்றிச் சபை நிறைவுறாதது ஏன்? அன்பினால் என்பது உண்மையே. ஆனால் அன்புடைய சித்தப்பா அவ்விடத்தில் அமர்வதில்லை. அவ்விடம் தனி மனிதருக்கு உரியதன்று. பெண் கொடுத்த வீட்டுக்கு உரியது. உறவில் ஒவ்வொருவரும் வகிக்கும் இடமே முறை. மனிதர் வருவர், போவர், இடம் நிலைத்திருக்கும்.

இலக்கியத்துக்கும் இந்நோக்கு ஒளி தந்தது. தொல்காப்பியப் பொருளதிகாரம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், தெய்வம், மா, மரம், புள் முதலியவற்றைக் கருப்பொருள் என்றும், காதல் ஒழுக்கத்தை உரிப்பொருள் என்றும் வகுத்தது. குறிஞ்சிக்குப் புணர்தல், முல்லைக்கு இருத்தல், மருதத்துக்கு ஊடல், நெய்தலுக்கு இரங்கல், பாலைக்குப் பிரிதல் என இவை ஒன்றோடொன்று பிணைந்து நிற்கின்றன. தனித்து நிற்கும் ஒரு பூவுக்குப் பொருள் இல்லை. ஐந்திணை வரிசையில் அது நிற்கும் இடமே அதற்குப் பொருள் தருகின்றது. மைசூரில் 1929-இல் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் கவிஞராக விளங்கிய ஏ.கே. ராமானுஜன், குறுந்தொகைப் பாடல்களை மொழிபெயர்த்து 1967-இல் வெளியிட்ட நூலில், இத்திணைமுறையை ஒரு முழுமையான குறியீட்டு ஒழுங்காக உலகுக்கு விளக்கிக் காட்டினார். இதனால் தொல்காப்பியர் அமைப்பியலாளர் ஆகிவிடார். அவர் நோக்கம் வேறு, காலம் வேறு. ஆயினும் வேறுபாடுகளை வரிசைப்படுத்தி அவற்றிலிருந்து பொருள் காணும் பழக்கம் தமிழ் மரபுக்குப் புதியதன்று என்பதில் ஐயமில்லை.

அமைப்பியலைத் தமிழில் முழுநூலாக விரித்துரைத்தவரும் கர்நாடகத்தில் வாழ்ந்த தமிழரே என்பது வெளிமாநிலத் தமிழர் கருதி மகிழத்தக்கது. பெங்களூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயிற்றுவித்த தமிழவன் எழுதிய ஸ்ட்ரக்சுரலிசம் என்னும் நூல் 1982-இல் வெளிவந்து, தமிழ்த் திறனாய்வில் நீண்ட விவாதத்தைத் தோற்றுவித்தது. ஒரே மொழிக்குள் வாழ்வோர் தம் மொழியின் ஒழுங்கை இயற்கை என்றே எண்ணுவர். இரண்டு மூன்று மொழிகளுக்கிடையே நாள்தோறும் சென்று மீள்வோர்க்கோ, அது பல ஒழுங்குகளில் ஒன்று என்பது தெளிவாகும்.

ஆயினும் இந்நெறிக்கு எல்லைகள் உண்டு. ழாக் தெரிதா 1966-இல் அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் நிகழ்த்திய சொற்பொழிவில், ஓர் அமைப்புக்கு நிலையான மையம் உண்டு என்னும் கருத்தையே கேள்விக்கு உள்ளாக்கினார். அதே ஆண்டில் துமோன் சாதியமைப்பைப் பற்றி எழுதிய நூல் வெளிவந்தது. தூய்மை, தீட்டு என்னும் எதிர்நிலையைக் கொண்டே சாதி முழுவதையும் அவர் விளக்க முற்பட்டார். மேலிருந்து நோக்கிய விளக்கம் அது, அடக்கப்பட்டோரின் துயரமும் எதிர்ப்பும் அதில் இடம்பெறவில்லை என்று அறிஞர் பலர் மறுத்துரைத்தனர்.

இம்மறுப்பின் வலிமையைத் தங்கவயலின் வரலாறு உணர்த்தும். மேலே அதிகாரிகளின் பங்களா, கீழே தொழிலாளரின் லைன் வீடுகள்; தரைக்குமேல் ஆங்கிலேயர், தரைக்குக்கீழ்த் தமிழர் என அந்நகரத்தை எதிர்நிலைகளாக வகுத்துக் காட்டுவது எளிது. அவ்வகுப்பு பொய்யும் அன்று. ஆனால் மூன்று கிலோமீட்டருக்கும் மிகுந்த ஆழத்தில், வெம்மையிலும் தூசியிலும் பாறை உடைத்தவர்களில் பெரும்பாலோர் ஏன் ஒடுக்கப்பட்ட குலத்தவராக இருந்தனர் என்பதை எதிர்நிலைப் பட்டியல் கூறாது. நிலமின்மையும் பஞ்சமும் ஊர்க் கொடுமையும் அவர்களைத் துரத்திய கதையை வரலாறுதான் கூற வேண்டும். 1930-ஆம் ஆண்டில் விரல்ரேகைப் பதிவை எதிர்த்து அத்தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். தமக்கு ஒதுக்கப்பட்ட இடத்தை மனிதர் ஏற்க மறுப்பதும் உண்டு என்பதற்கு அது சான்று. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டபோது, நூற்றாண்டு கடந்த ஓர் அமைப்பு ஒரே நாளில் கலைந்தது. அமைப்புகள் என்றும் நிலைப்பன அல்ல.

உறவுமுறையும் மாறிக்கொண்டே இருக்கின்றது. நெருங்கிய உறவில் மணம் முடிப்பது குறைந்துவருகின்றது. மருத்துவரும் அதனைத் தவிர்க்குமாறு அறிவுறுத்துகின்றனர். மணமுறை மறைந்த பின்னும் சொற்கள் நீடிக்கக்கூடும். அத்தை மகனை மணக்க எண்ணாத பெண்ணும் அவனை அண்ணன் என்று அழைக்கத் தயங்குவதை நாம் காண்கின்றோம். பழக்கம் போயினும் இலக்கணம் எஞ்சுகின்றது.

வெளிமாநிலங்களில் வளரும் நம் குழந்தைகளைப் பற்றிய கவலைக்கு இங்கே ஒரு தெளிவு பிறக்கின்றது. குழந்தை பிறமொழிச் சொல் ஒன்றைக் கலந்து பேசினால் மொழி அழிந்துவிட்டதாக அஞ்சுகின்றோம். மாமாவை மாவ என்று அழைக்கும் தங்கவயல் குழந்தை, உண்மையில் எதனையும் இழக்கவில்லை. சொல் கன்னடம், முறை அதே முறை. ஆனால் சித்தப்பா, பெரியப்பா, மாமா ஆகிய அனைவரையும் அங்கிள் என்றும், சித்தி, பெரியம்மா, அத்தை ஆகிய அனைவரையும் ஆன்ட்டி என்றும் அழைக்கப் பழகும் குழந்தையின் நிலை வேறு. அங்கே மறைவது இரண்டொரு சொற்கள் அல்ல. யார் பங்காளி, யார் சம்பந்தி, யார் எந்த உரிமையோடு நம் வீட்டு நிலைப்படியைக் கடந்து வருகின்றார் என்னும் பகுப்பே மறைகின்றது. எழுத்தைப் பள்ளியில் பின்னர்க் கற்கலாம். இலக்கியத்தை முதிர்ந்த வயதிலும் படிக்கலாம். இப்பகுப்போ, பெரியோர் தம் வாயால் நாள்தோறும் அழைத்துக் காட்டினாலன்றிக் குழந்தைக்குக் கிட்டுவதன்று.

எல்லாப் பழைய முறைகளையும் காக்க வேண்டும் என்பது இதன் கருத்தன்று. மணத்தையும் குலத்தையும் கட்டிவைத்த விதிகளில் விடத்தக்கன பல உண்டு. அவற்றை விடுவதே அறம். எதனை விடுகின்றோம், எதனை வைத்துக்கொள்கின்றோம் என்பதை அறிந்து செய்ய வேண்டும் என்பதே கருத்து. உறவினர் வீட்டுக்கு வரும்போது, இவர் உன் அப்பாவின் தம்பி, ஆதலால் சித்தப்பா. இவர் உன் அம்மாவின் அண்ணன், ஆதலால் மாமா என்று ஒருமுறை சொல்லிக் கொடுப்பது சிறிய செயல். அதன் வழியாக ஒரு மொழியின் இலக்கணமும், ஒரு சமுதாயம் தன்னைத்தானே வகுத்துக்கொண்ட வரலாறும் குழந்தையின் நாவுக்கு வந்து சேர்கின்றன.